ஆயிரம் செல்லுக்கு எத்தனை நுண்கரு?

ஷூ தொழிற்சாலையில் பசை தடவும் வரிசையில் நிற்பவரிடமும், பெட்ரோல் பங்கில் நாஸில் பிடிப்பவரிடமும் மரபணுப் பாதிப்பைப் பார்க்க ரத்தம் எடுக்கிறார்கள். சில வாரம் கழித்து ஒரு தாள் வருகிறது. அதில் "நுண்கரு: 1000 செல்லுக்கு 14" என்று இருக்கிறது. செல் பிரியும்போது பெரிய கருவில் சேராமல் தனியே நின்றுவிட்ட சின்னக் கருதான் நுண்கரு. தாளைக் கையில் வாங்கியவர் கேட்பது இரண்டே கேள்விதான். எனக்குப் புற்றுநோய் வருமா? என் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? இந்த இரண்டுக்கும் அந்தத் தாளில் விடை கிடையாது. அந்த 14 என்பது அவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் சுவாசித்த காற்றைப் பற்றிய சாட்சி. அதை அவர் உடம்பின் ஜாதகமாகப் படித்துவிட்டு, காற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் அநியாயம். அந்த எண் எப்படி வருகிறது, எங்கே பிசகுகிறது, எதற்குப் பயன்படும் என்று விரிவாகவே எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பென்சீனை எடுத்துக்கொள்கிறேன். மனிதர்களிடம் இத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராயப்பட்ட தொழில் ரசாயனங்கள் குறைவு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். பென்சீன் என்பது ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன் கொண்ட ஒரே பொருள். பென்சைன் என்பது பெட்ரோலியத்திலிருந்து பிரிக்கும் பல பொருள்களின் கலவை. துணிக்கறை எடுக்கவும் எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்கவும் விற்பது. டின்னில் ஒன்றை எழுதிவிட்டு உள்ளே மற்றொன்று இருந்தால் தொழிலாளி பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே கரைப்பான் எதுவானாலும் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, பென்சீன் எத்தனை சதவீதம் என்ற வரியைத் தேடுங்கள். டொலுயின், தின்னர் வகைகளிலும் கொஞ்சம் பென்சீன் கலந்திருக்கக்கூடும். பெட்ரோலில் பிஎஸ்-6 தரப்படி கன அளவில் 1 சதவீதம் வரை இருக்கலாம்.

அளவு புரிய ஒரு சின்னக் கணக்கு. காற்றில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பென்சீன் என்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3.2 மில்லிகிராம். நின்றுகொண்டு வேலை செய்கிறவர் ஒரு ஷிப்டில் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். 32 மில்லிகிராம் நுரையீரலுக்குள் போகிறது, அதில் பாதியளவு உடம்பில் தங்குகிறது. தோல் வழியாகவும் ஏறும். கிரீஸ் போக பெட்ரோலில் கை கழுவும் மெக்கானிக்குக்கும், ட்யூப்பை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பவருக்கும் காற்றை மட்டும் அளந்தால் கணக்கு குறைவாகத்தான் வரும்.

பென்சீன் நேரடியாக டிஎன்ஏ மேல் பாய்வதில்லை. பாக்டீரியாவை வைத்துச் செய்யும் ஏம்ஸ் சோதனையில் அது பெரும்பாலும் குற்றமற்றதாகவே தெரியும். கல்லீரல்தான் அதை மாற்றுகிறது. அங்குள்ள ஒரு என்சைம் பென்சீனை ஆக்சைடாக்க, அதிலிருந்து பீனால், ஹைட்ரோகுவினோன், கேட்டகால் எல்லாம் பிறக்கின்றன. இவை ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜைக்குப் போகின்றன. மஜ்ஜையில் மைலோபெராக்சிடேஸ் என்ற என்சைம் நிறைய உண்டு. கிருமிகளைக் கொல்ல உடம்பு வைத்திருக்கும் ஆயுதம் அது. அதுவே ஹைட்ரோகுவினோனைப் பென்சோகுவினோன் ஆக்கிவிடுகிறது. பென்சோகுவினோன் செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளைக் கெடுக்கிறது. டிஎன்ஏவின் முறுக்கைப் பிரித்து மறுபடி ஒட்டும் டோபோஐசோமரேஸ் என்ற என்சைமையும் முடக்குகிறது. முதலாவதால் குரோமோசோம் முழுசாக வழிதவறுகிறது, இரண்டாவதால் உடைகிறது. புதிது புதிதாக ரத்தம் சுரக்கும் இடத்திலேயே இது நடப்பதால்தான் பென்சீன் என்றால் ரத்தப் புற்றுநோய் என்றாகிவிட்டது.

இஸ்தான்புல்லில் முசாஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவர் செருப்புத் தைப்பவர்களிடம் இதைக் கண்டார். பென்சீன் கலந்த மலிவான பசை சின்னச் சின்னக் காற்றோட்டமில்லாத பட்டறைகளுக்குள் புகுந்திருந்தது. அங்கே காற்றில் 210 முதல் 650 பிபிஎம் வரை அளந்தார்கள். 28,500 தொழிலாளர்களில் 26 பேருக்குத் தீவிர லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்ததை 1974-இல் அவர் வெளியிட்டார். பொதுமக்களிடம் லட்சத்துக்கு 6 என்றிருந்தது இவர்களிடம் லட்சத்துக்கு 13. மிலானில் அலெஸ்ஸாந்த்ரா ஃபோர்னி அச்சகத் தொழிலாளர்களின் குரோமோசோமைப் பார்த்தார். அங்கே பென்சீனை நிறுத்தி டொலுயினுக்கு மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. அப்படியும் பழைய பென்சீன் தொழிலாளர்களின் ரத்தத்தில் உடைந்து மாறி ஒட்டிய குரோமோசோம்கள் அழியாமல் நின்றன.

இதெல்லாம் நூற்றுக்கணக்கான பிபிஎம் காலத்துக் கதை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. சீனாவின் தியான்ஜினில் 250 ஷூ தொழிலாளர்களையும், ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த 140 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வந்தது. 1 பிபிஎம்முக்கும் கீழே சுவாசித்த 109 பேரிடம்கூட வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. 1 பிபிஎம் என்பது அப்போது அமெரிக்காவின் சட்டப்படியான வரம்பு, இப்போதும் அதுவே. அந்த வரம்பு வந்ததே பெரும் இழுபறிக்குப் பிறகுதான். 1978-இல் 10-லிருந்து 1-க்குக் குறைத்தார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1987-இல்தான் மறுபடி 1 ஆனது. இடையில் போன அந்த ஏழு வருடமும் யாரோ சிலருடைய மஜ்ஜையில்தான் கழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரலிலிருந்து 0.2 பிபிஎம் என்று வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு 2024-இல் பரிந்துரைத்தது 0.02.

இனி சோதனை. நுண்கரு என்றால் என்ன என்று ஒரு செல்லை வைத்துப் பார்ப்போம். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் இழுக்கப்படுகின்றன. உடைந்து கைப்பிடி இல்லாமல் போன துண்டும், இழையில் சரியாக மாட்டாத முழுக் குரோமோசோமும் நடுவில் தங்கிவிடும். செல் அதைச் சுற்றியும் ஒரு சவ்வைப் போர்த்திவிடுகிறது. பெரிய கருவின் ஓரத்தில் ஒரு கடுகு போலக் கிடக்கும் அதுதான் நுண்கரு. அந்தக் கைப்பிடியை, அதாவது சென்ட்ரோமியரைக் காட்டும் சாயம் போட்டால் கடுகுக்குள் இருப்பது துண்டா முழுக் குரோமோசோமா என்றும் தெரிந்துவிடும். பென்சீனில் இரண்டும் கிடைக்கும்.

ரத்தத்தில் இதைச் செய்யப் பச்சை மூடியுள்ள ஹெப்பாரின் ட்யூபில் எடுக்க வேண்டும். பலர் வழக்கமான ரத்தப் பரிசோதனை என்று நினைத்து ஊதா மூடி இடிடிஏ ட்யூபில் எடுத்துவிடுவார்கள். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், லிம்போசைட் என்ற வெள்ளணுவைப் பிரியத் தூண்டும் மருந்து சரியாக வேலை செய்யாது, சிலைடில் எண்ணச் செல்லே இருக்காது. அடுத்த தப்பு பயணத்தில். ஐஸ் கட்டியோடு ட்யூபை ஒட்டி வைத்தால் செல் செத்துவிடும், வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்தாலும் அதே கதி. சாதாரண அறை வெப்பத்தில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். வேலை செய்பவரின் ரத்தமும் ஒப்பீட்டுக்கு எடுப்பவரின் ரத்தமும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் போவது இன்னும் முக்கியம். ஒரு குழு திங்கட்கிழமை, மற்றது வெள்ளிக்கிழமை என்றால் வித்தியாசம் பென்சீனால் வந்ததா செல் வளர்க்கச் சேர்க்கும் சீரத்தின் பாட்டில் மாறியதால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது.

5 மில்லி வளர்ப்பில் அரை மில்லி ரத்தம், ஆர்பிஎம்ஐ 1640 ஊடகம், 10 முதல் 15 சதவீதம் கன்றுச் சீரம், தூண்டுவதற்கு பிஹெச்ஏ. 37 டிகிரியில் வைத்து 44-ஆம் மணி நேரம் சைட்டோகலாசின்-பி சேர்க்கிறார்கள், மில்லிக்கு 4.5 முதல் 6 மைக்ரோகிராம். இது கரு பிரிவதைத் தடுக்காது, செல்லின் உடல் பிரிவதை மட்டும் தடுக்கும். ஆகவே ஒருமுறை பிரிந்த செல் எல்லாம் இரட்டைக் கருவோடு நிற்கும். பிரியாத செல்லில் நுண்கரு உருவாக வாய்ப்பே இல்லை, அதை எண்ணினால் கணக்கு நீர்த்துப்போகும். இந்த ஒரு யோசனைதான், 1985-இல் ஆஸ்திரேலியாவின் ஃபெனெக்கும் மார்லியும் கொண்டுவந்தது, சோதனையை நம்பக்கூடியதாக ஆக்கியது. 72-ஆம் மணி நேரம் அறுவடை. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அதிக நேரம் விட்டால் சைட்டோபிளாசம் கிழிந்து, அந்தக் கடுகு எந்தச் செல்லுடையது என்றே சொல்ல முடியாது. மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய மிச்சத்தை ஊற்றினால் செல் மங்கலாக, விளிம்பில்லாமல் தெரியும்.

எண்ணும்போது நுண்கருவின் விட்டம் பெரிய கருவின் பதினாறில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். பெரிய கருவோடு இணைப்பு இருக்கக் கூடாது, அதே அளவு சாயம் பிடித்திருக்க வேண்டும், ஃபோகஸைத் திருகினால் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் அது சாயத் துகள். ஒருவருக்கு 1000 இரட்டைக் கருச் செல். சிலைடில் பெயர் இருக்கக் கூடாது, குறியீட்டு எண் மட்டும்தான். எண்ணுகிறவருக்கு யார் பசைப் பிரிவு, யார் அலுவலகம் என்று தெரிந்தால் கண் தானாகவே சாயும். இதை நேர்மைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மனிதக் கண்ணின் இயல்பு.

பாதிப்பே இல்லாதவர்களிடமும் நுண்கரு உண்டு. உலகின் பல லேப்களைச் சேர்த்த ஹியூமன் கூட்டு ஆய்வில் நடு மதிப்பு ஆயிரத்துக்கு 6.5, பாதிப் பேர் 3-க்கும் 12-க்கும் இடையில். வயது ஏற ஏற இது கூடும், பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல். இப்போது 14 என்று தாள் வாங்கியவரிடம் திரும்பி வருவோம். அதே சிலைடில் வேறு 1000 செல்லை எண்ணினால் 9 வரலாம், 19-ம் வரலாம். அரிதாக நடக்கும் எதையும் எண்ணும்போது இந்த ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஒருவரிடம் ஆடும் எண் முப்பது நாற்பது பேரின் சராசரியில் நிலைத்து நிற்கும். பசைப் பிரிவின் சராசரி 12, அதே ஊரில் அதே வயதுள்ள துணிக்கடைக்காரர்களின் சராசரி 6 என்றால் அதைத் தற்செயல் என்று யாரும் தள்ள முடியாது.

அதே ஊர், அதே வயது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் வரும் ஆய்வுகளை வாசித்தால், நாற்பது வயதுத் தொழிலாளிக்கு எதிரே இருபது வயதுக் கல்லூரி மாணவரை நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். வித்தியாசம் வரும், அது வயதின் வித்தியாசம். பீடி, சிகரெட், அண்மையில் எடுத்த எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், காய்ச்சல், மருந்து, சாப்பாட்டில் கீரை காய் எவ்வளவு என்பதுவரை கேட்டு எழுத வேண்டும். ஃபோலேட் சத்துக் குறைந்தாலே நுண்கரு கூடும். ஏழைத் தொழிலாளியையும் வசதியான அலுவலரையும் ஒப்பிட்டு, தட்டில் இருக்கும் சோற்றின் வித்தியாசத்தைப் பென்சீன் மேல் போட்டால் நாளை நிறுவனத்தின் வழக்கறிஞர் அதே ஓட்டை வழியாக மொத்த ஆய்வையும் இழுத்துக் கீழே போட்டுவிடுவார். தொழிலாளிக்காக அக்கறைப்படுகிறவர்கள் முதலில் சரியாகச் செய்ய வேண்டியது இந்த ஒப்பீட்டுக் குழுவைத்தான்.

குரோமோசோமை நேராகப் பார்க்கும் சோதனை வேறு. அதற்கு 48 மணி நேரத்தில் அறுவடை, கடைசி இரண்டு மணி நேரம், செல்லைப் பிரியும் நடுவில் நிறுத்திவைக்கும் கோல்செமிட். 72 வரை விட்டால் செல் இரண்டாவது முறை பிரிந்து, உடைந்தவை தொலைந்து, பாதிப்புக் குறைவாகத் தெரியும். ஒருவருக்கு அப்படி நின்ற செல், அதாவது மெட்டாஃபேஸ், 100 முதல் 200 பார்ப்பார்கள். குரோமாடிட்டின் (இரட்டித்த குரோமோசோமின் ஒரு பாதி) அகலத்தைவிடக் குறுகலான வெளிர்க்கோடு வெறும் இடைவெளி, அதை உடைவோடு சேர்த்து எண்ணக் கூடாது. இடைவெளியையும் கூட்டிச் சதவீதம் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். குறிப்பிட்ட குரோமோசோமை ஒளிரும் சாயத்தால் காட்டும் ஃபிஷ் முறையில் ஷாங்காய், தியான்ஜின் தொழிலாளர்களிடம் 7, 8-ஆம் குரோமோசோம்கள் கூடிக் குறைந்ததையும், 8-க்கும் 21-க்கும் துண்டு மாறியதையும் பார்த்திருக்கிறார்கள். லுக்கீமியா நோயாளிகளின் செல்லில் காணும் மாற்றங்களும் இவைதான். டிஎன்ஏ உடைவைக் காட்டும் காமெட் சோதனையைப் பலர் செய்கிறார்கள், மலிவு, வேகம். ஆனால் அது காட்டும் உடைவுகள் சில மணி நேரத்தில் பழுதுபார்க்கப்பட்டுவிடும். நேற்றையதைச் சொல்லும், போன வருடத்தைச் சொல்லாது.

ஊசி வேண்டாம் என்பவர்களுக்குக் கன்னத்துச் செல். வாயை இருமுறை தண்ணீரில் கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் இரு கன்னத்தின் உட்புறமும் தனித்தனியாகச் சுரண்ட வேண்டும். சாயம்தான் இங்கே வழி தவறும் இடம். கீம்சா சாயம் கெரட்டின் துகளுக்கும் வாயிலுள்ள பாக்டீரியாவுக்கும் சேர்த்து நிறம் ஏற்றிவிடும், அவை எல்லாம் நுண்கரு போலவே தெரியும். டிஎன்ஏவை மட்டும் பிடிக்கும் ஃபோயில்கன் சாயம்தான் சரி. 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 30 நிமிடம், கழுவி, ஷிஃப் கரைசலில் இருட்டில் 60 நிமிடம், பிறகு லைட் கிரீன் அரை நிமிடம். இயல்பான அளவு ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதால் 1000 செல் போதாது, 4000 வரை எண்ண வேண்டும். வெற்றிலை, புகையிலை, பான் மசாலா போடுபவரின் கன்னத்தில் அந்தப் பழக்கமே நுண்கருவைக் கூட்டிவிடும், அதைக் கேட்காமல் எடுத்த மாதிரி வீண். கன்னத்துச் செல் மேலே வந்து உதிர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஆக அது காட்டுவது அண்மைய சில வாரங்களை. ரத்த லிம்போசைட் மாதங்கள், வருடங்கள் வாழ்வதால் நீண்ட காலத்தைக் காட்டும்.

இத்தனைக்கும் பக்கத்தில் சிறுநீர்ச் சோதனையும் வேண்டும். இல்லாவிட்டால் "நுண்கரு பென்சீனால் வந்தது என்று யார் சொன்னது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. ஷிப்ட் முடியும்போது எடுத்த சிறுநீரில், பென்சீன் உடம்பில் மாறி வெளியேறும் எஸ்-ஃபீனைல்மெர்காப்ட்யூரிக் அமிலம் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை எடுத்தால் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். அதேபோலப் பென்சீனிலிருந்து வரும் மியூகானிக் அமிலம் பார்ப்பது மலிவு, ஆனால் சோர்பிக் அமிலம் போட்டுப் பதப்படுத்திய தின்பண்டம், குளிர்பானம் சாப்பிட்டாலே அது ஏறும். பீனால் அளப்பது பழைய முறை, குறைந்த அளவு பென்சீனுக்கு அது பிரயோஜனமில்லை.

பிள்ளைகள் பற்றிய கேள்வியை மழுப்பக் கூடாது. ரத்தச் செல்லிலும் கன்னத்துச் செல்லிலும் உள்ள உடைவு அந்தச் செல்லோடு போகும், குழந்தைக்குப் போகாது. விந்தணு தனிக் கணக்கு. தியான்ஜினில் பசையோடு வேலை செய்த ஆண்களின் விந்தணுவில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை கூடியிருந்ததை 2010-இல் வெளியிட்டார்கள், 1 பிபிஎம்மை ஒட்டிய அளவிலேயே. ஆனால் விந்தணு உருவாக இரண்டரை மாதம்தான் ஆகிறது, அதனால் பிள்ளைக்குத் திட்டமிடும் காலத்தில் வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதில் பொருள் உண்டு. கர்ப்பிணிகளையும் பாலூட்டுபவர்களையும் பென்சீன் வேலையில் வைக்கக் கூடாது என்பது 1971-ஆம் ஆண்டின் சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை. இந்தியா 1991-இல் அதை ஏற்றிருக்கிறது. இந்தத் தாளைக் காட்டிக் கல்யாணப் பேச்சை நிறுத்துவதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் கிடையாது.

புற்றுநோய்க் கேள்விக்கு வந்தால், 10 நாடுகளில் 6,718 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில் நுண்கரு குறைவாக இருந்த குழுவைவிட மற்றக் குழுக்களில் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அது குழுவுக்குச் சொன்ன செய்தி. தனி ஆளுக்கு உபயோகமானது சாதாரண ரத்த எண்ணிக்கைச் சோதனை. வேலையில் சேர்ந்த நாளில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று ஒரே நோட்டில் ஒட்டி வையுங்கள். "நார்மல்" என்று அச்சடித்த எல்லைக்குள் இருந்தாலும் வெள்ளணு 8,000-இலிருந்து 6,000, பிறகு 4,800 என்று இறங்கினால் அது இறக்கம்தான். மருத்துவரிடம் பென்சீன் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார். பென்சீன் நச்சு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவே எழுதப்பட்டது.

காற்றைச் சரிசெய்ய முதல் வழி பசையை மாற்றுவது, தண்ணீரில் கரையும் பசைகள் கிடைக்கின்றன. அடுத்தது பசைத் தட்டின் பின்விளிம்பிலேயே உறிஞ்சு குழாய். தலைக்கு மேல் மாட்டும் உறிஞ்சி ஆபத்தானது, ஆவியை முகத்தின் வழியாகத்தான் மேலே இழுக்கும். மின்விசிறி ஆவியை அடுத்த மேசைக்கு அனுப்பும். பசை டப்பாவுக்கு மூடி, துடைத்த துணிக்கு மூடியுள்ள தொட்டி. துணி மாஸ்க்கும் அறுவைச் சிகிச்சை மாஸ்க்கும் பென்சீனைத் துளிகூடத் தடுக்காது. பழுப்புப் பட்டை போட்ட கரி கேட்ரிட்ஜ் தடுக்கும், அது நிறைந்தால் மாற்ற வேண்டும். பங்கில் நாஸில் தானாக நின்ற பிறகு ரவுண்டாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு முறை அழுத்தும்போது டேங்கில் இருந்த ஆவி முழுக்கப் பிடித்திருப்பவரின் முகத்துக்கு வருகிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவர் "போதும்" என்று சொன்னால் அது நின்றுவிடும்.

முடிவுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது பிரிவுவாரியான சராசரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தனி எண்ணை அவரவர் கையில் மட்டும், அவருக்குப் புரிகிற பேச்சில் விளக்கிக் கொடுங்கள். மேலாளருக்குத் தனி எண் போகக் கூடாது. போனால் அதிக எண் உள்ளவர் வேலையை இழப்பார், அவர் நின்ற இடத்தில் புது ஆள் வந்து நிற்பார். உறிஞ்சு குழாய் மாட்டியபின் முதல் வாரத்திலேயே ஷிப்ட் கடைசிச் சிறுநீரையும், ஆறு வாரம் கழித்துக் கன்னத்துச் செல்லையும், ஒரு வருடம் கழித்து ரத்த நுண்கருவையும் அதே லேபில், அதே ஒப்பீட்டுக் குழுவோடு மறுபடி பாருங்கள். சிறுநீரில் அளவு குறையவில்லை என்றால் மற்ற இரண்டுக்கும் செலவு செய்யாமல் குழாயைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் காற்றாடியின் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் வடிகட்டியில் பசை படிந்து அடைத்திருக்கும்.